தகடாகும் தன்மை: கலைச்சொல்லும் அனுப்பர்பாளையப் பட்டறையும்

அடித்தாலோ அழுத்தினாலோ உடையாமல் விரியும் உலோகப் பண்பினை அறிவியல் தமிழ் ‘தகடாகும் தன்மை’ என வழங்குகிறது. இதற்கு நிகரான ஆங்கிலச் சொல், சுத்தியலைக் குறிக்கும் ‘மல்லியசு’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. அது செயலைச் சுட்ட, தமிழ்ச் சொல் விளைவைச் சுட்டுகிறது. இவ்வேறுபாடு பண்பின் விளக்கத்தையே குறுக்கிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பின்னலாடையால் பெயர்பெற்ற திருப்பூரில் அனுப்பர்பாளையம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரங்களால் அறியப்படும் பகுதி. பாத்திரப் பட்டறைக்கு வந்து சேரும் மூலப்பொருள் பெரும்பாலும் உருட்டித் தட்டையாக்கப்பட்ட தகடே. அஃதாவது, கலைச்சொல் முடியும் இடத்தில் தொழிலாளியின் வேலை தொடங்குகிறது. அத்தகடு குடத்தின் வயிறாகக் குழிவதும் இப்பண்பினால்தான். ஆயினும் ‘தகடாகும்’ என்னும் சொல்லில் அதற்கு இடமில்லை.

இதனினும் முதன்மையான சிக்கல் ஒன்றுண்டு. பாடநூல் இப்பண்பை உலோகத்தின் நிலையான உடைமைபோல் கூறுகிறது. பட்டறையில் அது நிலையானதன்று. படிகத்துள் அணு அடுக்குகள் வழுக்குவதால் உலோகம் விரிகிறது. அவ்வழுக்கலே படிகக் குறைகளைப் பெருக்கி மேலும் வழுக்கவொட்டாமல் தடுக்கிறது. (பனியன் துணியும் இழுத்தால் நீளும், ஆனால் அதன் கண்ணிகள் விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். அடிபட்ட பித்தளை திரும்புவதில்லை.) இறுகிய பித்தளையைத் தொடர்ந்து அடித்தால் விளிம்பு வெடிக்கும். ஏறத்தாழ 450 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சினால் புதிய படிகங்கள் தோன்றி நெகிழ்வு மீளும். மீண்டும் அடிக்கலாம், மீண்டும் காய்ச்ச வேண்டும். முடிந்த குடத்தின்மேல் காணும் சுத்தியல் புள்ளிகளை நாம் அழகென்று மட்டும் கருதுகிறோம். மெல்லிய தகட்டை விறைப்பாக்குவதும் அவைதாம்.

கலவையும் கருதத்தக்கது. துத்தநாகம் சுமார் 35 விழுக்காட்டுக்குள் இருக்கும் பித்தளையைக் குளிர்நிலையிலேயே அடிக்கலாம். அதனினும் மிகுந்தால் சூடாக அடிப்பதே எளிது. வெள்ளீயம் 22 விழுக்காடு அளவில் கலந்த வெண்கலம் குளிர்நிலையில் நொறுங்கும். செஞ்சூட்டில் அடித்தால் மெல்லிய கிண்ணமாகும். ஆதிச்சநல்லூர், நீலகிரி ஆகிய இடங்களில் கிடைத்த பழங்கலங்களை ஆராய்ந்த சாரதா சீனிவாசன் இந்நுட்பத்தை எடுத்துக்காட்டியுள்ளார். குளிர்நிலை ஆய்வை மட்டும் கொண்டு அவ்வெண்கலத்தைத் ‘தகடாகாதது’ என வகைப்படுத்துவது பிழையாகும்.

தமிழில் ‘தட்டு’ வினையாயின் அடித்தல். பெயராயின் பரந்த ஏனம். செயலும் விளைவும் ஒரே வடிவில் நிற்கும் இச்சொல் கலைச்சொல்லாக்கத்தில் கவனம் பெறாமற்போனது வியப்பே. எனினும், பாடநூல்களில் வேரூன்றிய ‘தகடாகும் தன்மை’யை இனி மாற்றுவது குழப்பத்தையே தரும். மாற்ற வேண்டியது அதன் வரையறை. கலைச்சொல் அகராதிகள் இதனை, “குறிப்பிட்ட கலவையும் வெப்பநிலையும் கொண்ட உலோகம் அடிக்கோ அழுத்தத்திற்கோ உடையாமல் வடிவம் மாறும் இயல்பு, அடியால் குறைந்து, காய்ச்சுதலால் மீள்வது” எனப் பதிதல் வேண்டும்.