பஞ்சரானாலும் ஓடும் டயர்: நன்மையும் தீமையும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவைச் செயலாளர் வந்தபோது, "எலெக்ட்ரிக் காரைப் பத்தி எழுதேன், எல்லாரும் படிப்பாங்க" என்றார். நான் டயரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "டயர்ல என்னடா இருக்கு? ரப்பரும் காத்தும்தானே!" என்று சிரித்தார். உண்மைதான். அந்தக் காற்று போய்விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா பெரம்பலூருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரமாகப் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். நான் கட்டும் பீஸ், சாப்பிடும் மெஸ் சாப்பாடு எல்லாம் அந்தக் கடையிலிருந்து வருவதுதான். இரண்டாம் ஆண்டில் 'ரன்-பிளாட் டயர்' என்ற பாடத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு அறிவியல் ஆர்வம் வரவில்லை, பயம்தான் வந்தது. காற்று இறங்கினாலும் ஓடுகிற டயர் வந்துவிட்டால் எங்கள் கடைக்கு யார் வருவார்கள்?

காற்றுக்கு என்ன வேலை?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு காரின் எடை 1200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு டயர்களும் சமமாகத் தாங்கினால் ஒரு டயருக்கு 300 கிலோ. உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 30 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. 300-ஐ 2.1-ஆல் வகுத்தால் சுமார் 143 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய இவ்வளவுதான். பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம், கிட்டத்தட்ட நம் உள்ளங்கை அளவு!

இதிலிருந்து தெரிவது என்ன? வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் காற்றுதான். டயரின் வேலை அந்தக் காற்றைப் பிடித்து வைப்பது. காற்று போய்விட்டால் பக்கச் சுவர், அதாவது நாம் சைடுவால் என்று சொல்வது, தரைக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டி மடங்கி நசுங்கும். அந்த நிலையில் ஓட்டினால் ரப்பர் சூடேறிக் கிழியும். டயரின் ஓரமான பீடு ரிம்மை விட்டுக் கழன்றாலும் கழலும். அப்புறம் ஸ்டியரிங் நம் பேச்சைக் கேட்காது.

ரன்-பிளாட் எப்படித் தாங்குகிறது?

இதில் இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, சைடுவாலின் உட்புறம் கெட்டியான, வெப்பம் தாங்கும் ரப்பரை வைத்துக் கனமாக்குவது. காற்று இறங்கினாலும் சுவரே தூண் மாதிரி நின்று பாரத்தைத் தாங்கும். இன்று கார்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த வகைதான். இரண்டாவது வழி, ரிம்மின் மேல் டயருக்குள்ளே ஒரு வளையத்தைப் பொருத்துவது. காற்று போனால் வண்டி அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ராணுவ வண்டிகளில் இந்த முறை உண்டு.

காற்றே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்? பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு, மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மிகாமல் 80 கி.மீ. தூரம் வரை. வகுத்துப் பார்த்தால் சரியாக ஒரு மணி நேரம். இந்த ஒரு மணி நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கொஞ்சம் வரலாறு

பஞ்சர் பிரச்சினை காரின் அளவுக்கே பழையது. நாம் தினமும் சொல்லும் 'ஸ்டெப்னி' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. 1904-ல் அங்கே இருந்தவர்கள்தான் உதிரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு வந்து, அது நம் ஊர் மெக்கானிக் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

1970களில் டன்லப் நிறுவனம் 'டெனோவோ' என்ற ரன்-பிளாட் டயரை இங்கிலாந்தில் விற்றது. மினி 1275 ஜி.டி. காரில் அது கிடைத்தது. 1994-ல் அமெரிக்காவின் செவர்லே கார்வெட் காரில் குட்இயரின் ரன்-பிளாட் விருப்பத் தேர்வாக வந்தது. 1997-ல் வந்த புதிய கார்வெட்டில் ஸ்டெப்னியே கிடையாது. அதன்பின் பி.எம்.டபிள்யூ. தன் பல மாடல்களில் ரன்-பிளாட்டைப் போட்டதால் இது உலகம் முழுக்கப் பரவியது.

மிஷலின் நிறுவனத்தின் 'பேக்ஸ்' என்ற முறையின் கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. உள்ளே வளையம் வைத்த வகை அது. அமெரிக்காவில் 2005 ஹோண்டா ஒடிஸி வேனின் உயர்ந்த மாடலில் வந்தது. நன்றாகவே ஓடியது. ஆனால் அதற்குத் தனி ரிம், தனிக் கருவி, பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். டயர் மாற்றக் கடை தேடியே மக்கள் அலுத்துப்போனார்கள். புதிய கார்களுக்கு அது நின்றுபோனது. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வழியில் அதைப் பழுது பார்க்க ஆள் இல்லையென்றால் அது நிலைக்காது.

நன்மைகள்

1. ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று காற்று போனாலும் டயர் ஒரேயடியாகச் சரிவதில்லை. ஸ்டியரிங் கட்டுப்பாட்டில் இருக்கும். வேகச் சாலையில் இது உயிர் காக்கும் விஷயம்.

2. ராத்திரி நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஜாக்கி வைத்து நிற்க வேண்டாம். லாரிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் குனிந்து நட் கழற்றுவது எவ்வளவு ஆபத்து என்பது எங்கள் மாதிரி கடைக்காரர்களுக்குத் தெரியும். தனியாக ஓட்டிப் போகும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது பெரிய உதவி.

3. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் இல்லாததால் டிக்கியில் இடம் மிச்சம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அடடா, இதுதான் டயர்!' என்று நினைத்துக்கொண்டுதான் போன வருஷம் லீவுக்கு ஊருக்குப் போனேன்.

அன்று இரவு

இரவு ஒன்பதரை மணி இருக்கும். கடை மூடுகிற நேரம். ஒரு பெரிய கார் வந்து நின்றது. பின்னால் ஒரு பெரியவர், அவருடைய மகள், மடியில் கைக்குழந்தை. மதுரையில் பெரியவரின் அண்ணன் இறந்துவிட்டாராம், காலையில் எடுத்துவிடுவார்களாம். இன்னும் சுமார் இருநூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

டிரைவர் இறங்கி வந்து, "அண்ணே, பின்னாடி லெப்ட் டயர்ல காத்து இல்ல. ஒரு ஸ்ட்ரிப் போட்டு அடிச்சு விடுங்க, அவசரம்" என்றார்.

நான் சைடுவாலைப் பார்த்தேன். ரன்-பிளாட் குறி இருந்தது. எனக்கு ஒரே பெருமை. எல்லோர் முன்னாலும், "அப்பா, இது பஞ்சரானாலும் ஓடுற டயர். சுவரு கெட்டியா இருக்கும். ஒண்ணும் ஆகியிருக்காது, வெளியிலேயே ஸ்ட்ரிப் போட்டா போதும்" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவரிடம், "எங்கேருந்து தம்பி காத்து இல்லாம வர்றீங்க?" என்று கேட்டார்.

"விழுப்புரம் தாண்டினதுமே லைட் எரிஞ்சுதுண்ணே. ஓடுற டயருதான்னு முதலாளி சொல்லியிருக்காரு. அதான் நிறுத்தாம வந்துட்டேன்."

விழுப்புரத்திலிருந்து எங்கள் கடை நூறு கிலோமீட்டருக்கும் மேல். அப்பா ஒன்றும் பேசாமல் சக்கரத்தைக் கழற்றினார். கடன் வாங்கிப் போட்டிருந்த டயர் மெஷினில் வைத்து, அந்த முரட்டு டயரை ரிம்மிலிருந்து பிரிக்கவே அரை மணி ஆனது. பிரித்ததும் தலைகீழாக நிறுத்தித் தட்டினார். கறுப்புப் பொடி கொட்டியது. தரையில் ஒரு கைப்பிடி அளவு! வெளியே பார்த்தால் புது டயர் மாதிரி இருந்தது. உள்ளே சுவரைச் சுற்றி ரப்பர் தேய்ந்து, ஓரிடத்தில் நூல் தெரிந்தது.

"உன் புஸ்தகத்துல இது இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

டிரைவர் கெஞ்சினார், பிறகு கத்தினார். வேறு கடைக்குப் போவேன் என்றார். அப்பா, "தாராளமா போங்க. ஆனா பின்னாடி கைக்குழந்தை இருக்கு. இதுல நான் ஸ்ட்ரிப் போட்டா எனக்குத் தூக்கம் வராது" என்றார். காரில் ஸ்டெப்னி கிடையாது. அந்த அளவு டயர் அந்த நேரத்தில் எங்கள் ஊரில் எங்கும் கிடையாது. கடைசியில் அப்பா தெரிந்த ஒருவரின் டாக்சியை வரவழைத்து அவர்களை அனுப்பி வைத்தார். விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று பெரியவர் போன் செய்தார். கார் மூன்று நாள் எங்கள் கடை வாசலிலேயே நின்றது. சென்னையிலிருந்து டயர் வரும்வரை டிரைவர் எங்கள் பெஞ்சில்தான் படுத்திருந்தார். அப்பா கழற்றி மாட்டிய கூலி மட்டும் வாங்கினார்.

உள்ளே நடந்தது என்ன?

லீவு முடிந்து வந்ததும் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 225/50 ஆர் 17 என்ற டயரை எடுத்துக்கொள்வோம். அகலம் 225 மி.மீ., சுவரின் உயரம் அதில் 50 சதவீதம், அதாவது 112.5 மி.மீ. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ. மேலும் கீழும் சுவரைக் கூட்டினால் விட்டம் 656.8 மி.மீ. சுற்றளவு சுமார் 2.06 மீட்டர். ஆக, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 485 சுற்று.

ஒவ்வொரு சுற்றுக்கும் சுவரின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது. 80 கி.மீ. தூரத்தில் அது சுமார் 39,000 தடவை! ரப்பர் மடங்கி நிமிரும்போது, கொடுத்த சக்தி முழுவதையும் திருப்பித் தராது. ஒரு பகுதி வெப்பமாகிவிடும். நாம் படித்த ஹிஸ்டெரிசிஸ் இதுதான். காற்று இருக்கும்போது மடிப்பு சிறியது, வெப்பமும் குறைவு. காற்று இல்லாதபோது மடிப்பு பெரியது. கெட்டி ரப்பர் இதைக் கொஞ்ச நேரம் தாங்கும், காலம் முழுக்கத் தாங்காது. அந்த டிரைவர் வந்த தூரத்துக்கு 48,000 தடவைக்கும் மேல் ஆகிறது. அதுவும் 80 வேகத்தில் வந்திருப்பாரா என்பது சந்தேகமே.

இதனால்தான் காற்றில்லாமல் ஓடிய ரன்-பிளாட்டை மாற்றிவிடும்படி பல நிறுவனங்கள் சொல்கின்றன. சில நிறுவனங்கள், காற்றில்லாமல் ஓட்டாத டயராக இருந்து, தரையில் படும் பகுதியில் சின்ன ஓட்டையாக இருந்தால் மட்டும், கழற்றி உள்ளே பார்த்துப் பழுது பார்க்க அனுமதிக்கின்றன.

தீமைகள்

1. விலை அதிகம். ஒரு ஆணி குத்தினாலும் முழு டயர் போகலாம்.

2. சுவர் விறைப்பாக இருப்பதால் பள்ளம் மேடு எல்லாம் உடம்பில் தெரியும். பள்ளத்தில் விழுந்தால் அடி ரிம்முக்கும் போகும்.

3. டயரின் எடை கூடுதல். அது ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை என்பதால் சஸ்பென்ஷனுக்கு வேலை அதிகம்.

4. சின்ன ஊர்களில் சுலபமாகக் கிடைக்காது. கழற்றி மாட்டவும் நல்ல மெஷினும் பழகிய கையும் வேண்டும்.

5. காற்று இறங்கினாலும் சுவர் நிமிர்ந்தே நிற்பதால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே டயர் அழுத்தத்தைக் காட்டும் டி.பி.எம்.எஸ். கருவி இல்லாத காரில் இதைப் போடவே கூடாது.

6. சுவரே கிழிந்துவிட்டால் ரன்-பிளாட்டும் ஓடாது.

யாருக்கு எது?

நம் நாட்டில் 2020-ல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. டி.பி.எம்.எஸ்., டியூப்லெஸ் டயர், பஞ்சர் கிட் எல்லாம் உள்ள 3.5 டன் வரையிலான கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று ஆனது. எனவே ஸ்டெப்னி இல்லாத கார்கள் இனி நம் கைக்கு நிறைய வரும்.

ஊருக்குள்ளும் பெரிய நகரங்களுக்கு நடுவிலும் ஓடுபவர்களுக்கு ரன்-பிளாட் நல்லதே. ஒரு மணி நேரத்தில் ஒரு நல்ல கடை வந்துவிடும். உள் ஊர்களுக்கும் மோசமான சாலைகளுக்கும் அடிக்கடி போகிறவர்களுக்கு என் யோசனை, சாதாரண டியூப்லெஸ் டயரும் ஒரு ஸ்டெப்னியும்தான். மாற்ற விரும்பினால் நான்கையும் மாற்றுங்கள், இரண்டு வகையையும் கலக்காதீர்கள். எந்த டயராக இருந்தாலும் மாதம் ஒருமுறை, நீண்ட பயணத்துக்கு முன் ஒருமுறை காற்றைச் சோதியுங்கள்.

நண்பர்களே! ரன்-பிளாட் டயர் பஞ்சரை இல்லாமல் செய்வதில்லை, நமக்கு ஒரு மணி நேரம் கடன் கொடுக்கிறது. ஆபத்தான இடத்திலிருந்து பத்திரமான இடத்துக்குப் போக அந்தக் கடன் போதும். அதை வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேரப் பார்த்தால்தான் வம்பு.

எங்கள் கடை மூடப்படுமோ என்ற பயம் இப்போது எனக்கு இல்லை. ஆனால் பழைய மாதிரி ஒட்டி அனுப்பினால் போதாது, உள்ளே பார்க்கத் தெரிய வேண்டும், தேவைப்பட்டால் முடியாது என்று சொல்லவும் தெரிய வேண்டும். லீவில் நான் கடையில் இருக்கும்போது ரன்-பிளாட் வந்தால், ஓட்டையைத் தேடுவதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "லைட் எரிஞ்சு எவ்வளவு தூரம் வந்தீங்க?"

இறுதியாண்டு,
ஆட்டோமொபைல் பிரிவு