ரசிகர் செயலியைப் பகிரும் முன்…

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்குப் பாத்திரத் தாள், மந்திர அட்டை, பகடைச் செயலி என்று ஏதாவது உருவாக்கியிருக்கிறீர்களா? நண்பர்களுக்கு அப்பால் பகிரும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

● அமெரிக்கச் சட்டப்படி, விளையாடும் முறைக்குப் பதிப்புரிமை இல்லை. அதை விளக்கும் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உண்டு. புத்தக வரிகளை அப்படியே ஒட்டாமல் சொந்த நடையில் எழுதுங்கள்.

● எஸ்.ஆர்.டி. 5.1 என்ற அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில், இந்த விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (சி.சி. பை 4.0) வெளியிட்டது. அதிலிருந்து எடுத்து விற்கவும் செய்யலாம். அதில் கொடுத்துள்ள நன்றிக் குறிப்பைச் சேர்ப்பது கட்டாயம்.

● விலைக்கு வாங்கிய புத்தகத்தில் இருப்பதெல்லாம் அந்தத் தொகுப்பில் இருக்காது. பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் ஆகிய அரக்கர்களின் விவரப் பட்டியல் அதில் கிடையாது. ஒவ்வொன்றையும் சரிபார்த்தே சேர்த்துக்கொள்ளுங்கள்.

● அந்தத் தொகுப்புக்கு வெளியே உள்ளவற்றுக்கு நிறுவனத்தின் ரசிகர் படைப்புக் கொள்கையைப் படியுங்கள். படைப்பு இலவசமாக இருக்க வேண்டும்; அதிகாரபூர்வமானதல்ல என்று குறிப்பிட வேண்டும்; நிறுவனச் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது. புத்தகத்தை அப்படியே பிரதி எடுப்பதற்கு இந்தக் கொள்கை அனுமதி தராது.

● ‘இலவசமாகத்தானே தருகிறேன்’ என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. காசு வாங்காவிட்டாலும் பதிப்புரிமை மீறல் மீறல்தான்.

● செயலியையும் தரவையும் தனித்தனிக் கோப்புகளாக வையுங்கள். ஆட்சேபம் வந்தால் அந்தப் பகுதியை மட்டும் நீக்கலாம். உங்கள் உழைப்பு வீணாகாது.

● பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.