கமகம் வருமா? மிடி கீபோர்டு வாங்கும் முன் ஒரு பாடம்



ஒரு பக்கம் பிளேஸ்மென்ட்டுக்கு ஆப்டிடியூட், இன்னொரு பக்கம் ஷார்ட் ஃபிலிமுக்கு பிஜிஎம் என்று ஓடுகிற கூட்டம் நம்ம காலேஜில் பெருசு. அதில் பல பேர் கேட்கும் கேள்வி ஒண்ணுதான்: "வீட்டு ஸ்டூடியோவுக்கு எந்த மிடி கீபோர்டு வாங்கலாம்?" நெட்டில் இதுக்கு ஏகப்பட்ட பட்டியல் இருக்கு. ஆனால் பெரும்பாலும் பீட் போடுறவங்களை மனசில் வைத்து எழுதினது. தோடியில் ஒரு கமகம், கிராமியப் பாட்டில் ஒரு இழுப்பு, நாதஸ்வர சவுண்டில் ஒரு சறுக்கல் வேணும்னு நினைக்கிறவங்க வேற மாதிரி தேடணும். இந்தப் பாடம் அவங்களுக்கு.

1. கீபோர்டு பாடாது, எண் அனுப்பும்

மிடி கன்ட்ரோலருக்குள் சவுண்டே கிடையாது. ஒரு கீயை அழுத்தினால் 3 பைட் வெளியே போகும்: இது என்ன செய்தி, எந்த ஸ்வரம், எவ்வளவு வேகமா அழுத்தினீங்க. நடு 'சி' என்றால் எண் 60. வேகம் 1 முதல் 127 வரை. அந்த எண்களைச் சத்தமா மாத்துறது உங்க லேப்டாப்பில் இருக்கிற சாஃப்ட்வேர். அதனால் "எந்த கீபோர்டு சவுண்டு நல்லா இருக்கும்?" என்ற கேள்வியே இங்கே பொருந்தாது.

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில், சீக்வென்ஷியல் கம்பெனியின் ப்ராஃபெட்-600, ரோலண்ட் கம்பெனியின் ஜூப்பிட்டர்-6 என்ற இரண்டு சின்தசைசர்களை இந்த மொழியில் பேச வைத்தார்கள். 6 வருஷம் கழித்து, 1989-ல், கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்புறம் ஏ. ஆர். ரஹ்மான் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவைக் கட்டினார். 1992-ல் 'ரோஜா' வந்தது. வீட்டோடு இருக்கும் ஸ்டூடியோவிலிருந்து என்ன வரும் என்பதுக்கு வேற சாட்சி வேண்டாம்.

எண் மட்டும் போவதில் நமக்கு இன்னொரு லாபம். நான் இருக்கிறது முதலியார்பேட்டை, கடலூர் ரோட்டுக்குப் பக்கம். பஸ் ஏர் ஹாரன் ஓயாது. மைக் வைத்துப் பாட்டு ரெக்கார்டு பண்ண நடுராத்திரி வரை காத்திருக்கணும். கீபோர்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஹெட்போன் போட்டுக்கிட்டு பட்டப்பகலில் வாசிக்கலாம், ஹாரன் உள்ளே வராது.

2. ஹார்மோனியம் சொல்லும் பாடம்

1840-களில் பாரிஸில் அலெக்சாந்த்ர் தெபேன் காப்புரிமை வாங்கின கருவி ஹார்மோனியம். அது நம்ம ஊர் நாடக மேடை வரைக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ அதைத் தடை பண்ணியது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. தடைக்குச் சொன்ன முக்கியமான குறை: ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது வழுக்கிப் போகாது. கீயை விட்டு கீக்குத் தாவத்தான் முடியும்.

மிடி கீபோர்டும் அதே 12 கீதான். ஆனால் ஹார்மோனியத்துக்கு இல்லாத ஒன்று இதன் இடது ஓரத்தில் இருக்கு: பிட்ச் பெண்ட். 'கீபோர்டு சத்யா' என்று தெரிந்த கே. சத்யநாராயணன் கர்நாடகக் கச்சேரியையே கீபோர்டில் வாசிப்பவர். அவர் வாசிக்கும் வீடியோ ஒண்ணைப் பாருங்க. வலது கையைவிட இடது கையைக் கவனிங்க. நாம காசு கொடுத்து வாங்க வேண்டியது அந்த இடது கைக்கான இடத்தைத்தான்.

3. தோடி காந்தாரம்: ஒரு கணக்கு

1 கட்டை சுருதி வைத்துக்குவோம், அதாவது ஸட்ஜம் 60. தோடியில் ரிஷபம் 61, காந்தாரம் 63, மத்யமம் 65. தோடி காந்தாரம் சும்மா நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவில் ஆடும். 63-ஐ அழுத்திக்கிட்டே மேலே 2, கீழே 2 அரை ஸ்வரம் வளைத்தால் 61 முதல் 65 வரை கிடைக்கும். பெரும்பாலான சாஃப்ட்வேர் சவுண்டுகளில் முதலிலேயே வைத்திருக்கும் பெண்ட் அளவும் இந்த 2 தான். ஆக தோடிக்கு அது அப்படியே போதும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்பு வேணும்னா 7 தேவை. இந்த அளவை முடிவு பண்றது கீபோர்டு இல்லை, சவுண்டு. அதனால் அதை சாஃப்ட்வேரில் மாத்திக்கலாம்.

அடுத்தது படிகள். பிட்ச் பெண்டுக்கு மிடி 14 பிட் ஒதுக்கியிருக்கு: 0 முதல் 16383 வரை, நடு 8192. ஆனால் 7 பிட் மட்டும் உருப்படியா அனுப்பும் கீபோர்டும் உண்டு, அதாவது 128 படிதான். ஓர் அரை ஸ்வரம் 100 சென்ட். மேலும் கீழும் 2 வைத்தால் மொத்தம் 400 சென்ட், ஒரு படிக்கு சுமார் 3 சென்ட். காதுக்குப் பெரிசா தெரியாது. அதே கீபோர்டில் அளவை 12-க்கு ஏத்தினால் 2400 சென்ட், ஒரு படிக்கு சுமார் 19. இழுப்பு வழுக்காது, மாடிப்படி ஏறுற மாதிரி கேட்கும்.

4. சக்கரமா, ஜாய்ஸ்டிக்கா, பட்டையா?

சக்கரம்: எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49 மாதிரி மாடல்களில் இருக்கு. கட்டைவிரலால் உருட்டினால் எவ்வளவு வளைக்கிறோம் என்று கை பழகிக்கும். விட்டால் ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்துடும். கமகத்துக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

ஜாய்ஸ்டிக்: அக்காய் எம்பிகே மினியின் மூணாவது பதிப்பில் இருக்கு. இடம் மிச்சம். ஆனால் அசையும் தூரம் ரொம்பக் குறைவு. அந்தத் தூரத்துக்குள்ளேயே ரிஷபத்தையும் மத்யமத்தையும் சரியா பிடிக்கிறது கஷ்டம்.

தொடுபட்டை: ஆர்ட்டூரியா மினிலேப் 3-ல் இருக்கு. பல பட்டைகளில் விரல் வைத்த இடத்துக்கே சுருதி சட்டென்று தாவிடும். நடுவில் விரல் வைத்துத் தொடங்கப் பழகணும்.

இதில் பொதுவான ஒரு வரம்பு உண்டு. ஒரு சேனலில் பெண்ட் பண்ணினால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து வளையும். அதனால் தம்புராவை வேற டிராக்கில் வைங்க, இல்லைன்னா அதுவும் தோடி பாடும்! ஒவ்வொரு விரலுக்கும் தனிச் சேனல் கொடுக்கிற எம்பிஇ முறை 2018-ல் தரநிலை ஆனது. அதுக்கு முன்னாடியே, லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கின கன்டினியம் என்ற கருவி வந்திருச்சு. அதில் கீயே கிடையாது, மெத்துன்னு ஒரே பரப்பு. ரஹ்மான் மேடையில் அதில் விரலை வழுக்கி வாசிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஆனால் அதன் விலை ஸ்டைபெண்டுக்கு எட்டாது. தத்துவத்தை மட்டும் எடுத்துக்குவோம்.

5. எத்தனை கீ?

மேஜையை அளந்துட்டு முடிவு பண்ணுங்க. முழு அளவு கீ என்றால் ஒரு ஸ்தாயிக்குச் சுமார் 16.5 செ.மீ. 49 கீக்கு 4 ஸ்தாயி, அதாவது 66 செ.மீ., அதோடு சக்கரத்துக்கு இடம். மினி கீ 25 பைக்குள் போகும், டிரம் பேட்டர்ன் போட நல்லது. ஆனால் ரெண்டு கையால் வாசிக்க முடியாது. இடது கை சக்கரத்தில் இருக்கப் போகுது என்றால் வலது கைக்கு 2 ஸ்தாயி தாராளம். அதனால் மெலடி மட்டும் வாசிப்பவருக்கு முழு அளவு 25 அல்லது 37 கூடப் போதும். பியானோ படிச்சவங்க மட்டும் 61, 88 பக்கம் போங்க. எதுவானாலும் மெல்ல அழுத்தினா மெல்ல, ஓங்கி அழுத்தினா ஓங்கி ஒலிக்கணும்.

வீட்டில் பழைய கீபோர்டு தூங்குதா? பின்பக்கம் யூஎஸ்பி இருந்து, கீக்கு அந்த டச் உணர்வும், ஓரத்தில் பிட்ச் பெண்டும் இருந்தால் அதுவே கன்ட்ரோலர். புதுசு வாங்க வேண்டாம், அந்தக் காசில் நல்ல ஹெட்போன் வாங்குங்க.

6. லேட்டா கேட்டால் கீபோர்டைத் திட்டாதீங்க

பழைய மிடி கேபிளின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 10 பிட், 3 பைட்டுக்கு 30 பிட். ஆக 1 மில்லி செகண்டுக்கும் கொஞ்சம் குறைவு. தாமதம் பெரும்பாலும் லேப்டாப்பின் ஆடியோ பஃபரில்தான். 44,100 சாம்பிள் வேகத்தில் 1024 பஃபர் என்றால் 23 மில்லி செகண்ட். 256-க்குக் குறைத்தால் 6-க்குள் வந்துடும். செட்டிங்கை மாத்தினால் போச்சு, செலவு இல்லை.

7. கடையில் செய்ய வேண்டிய லேப்

லேப்டாப்பை எடுத்துட்டுப் போங்க. விண்டோஸில் மிடி-ஆக்ஸ் இலவசமா கிடைக்கும், முன்னாடியே போட்டு வைங்க.

ஒன்று: தனியா டிரைவர் போடாமல் கீபோர்டு கனெக்ட் ஆகுதா?

இரண்டு: ஒரே கீயை மெல்ல இருந்து ஓங்கி 10 தடவை அழுத்துங்க. வேக எண் படிப்படியா ஏறுதா, திடீர்னு 127-க்குத் தாவுதா?

மூன்று: பிட்ச் பெண்டை ரொம்ப மெதுவா நகர்த்துங்க. பெண்டுக்கு ரெண்டு எண் வரும். முதல் எண் எப்பவும் 0-விலேயே நின்னால், அது 7 பிட்.

நான்கு: கையை எடுங்க. நடு 8192-க்குத் திரும்பணும். மிடி-ஆக்ஸில் அது 0, 64 என்று தெரியும் (பதினாறடிமானத்தில் காட்டினால் 00, 40). திரும்பலைன்னா உங்க ஸட்ஜமே சுருதி விலகிடும்.

ஐந்து: 63-ஐ அழுத்தி, தோடி காந்தாரத்தை ஒரு நிமிஷம் ஆட்டிப் பாருங்க.

பேட் எத்தனை, லைட் எத்தனை கலர் என்று கடைக்காரர் சொல்லிக்கிட்டே இருப்பார். கேட்டுக்குங்க, தப்பில்லை. ஆனால் அஞ்சாவது சோதனையில் காந்தாரம் ஆடலைன்னா, நன்றி சொல்லிட்டு அடுத்த மாடலைக் கேளுங்க.