காலிக் கோட்டை: பார்க்க வருபவரை வாடிக்கையாளராக்குவது எப்படி?

உல்லாசப் பிரயாணி நமது கடையைத் தேடி வருவதில்லை. ஊரைப் பார்க்க வருகிறார். வந்த இடத்தில் கடையையும் பார்க்கிறார். ஆகவே சுற்றுலா நகரில் வியாபாரம் செய்பவர் தனது சரக்கை அறிந்திருப்பது போலவே ஊரையும் அறிந்திருக்க வேண்டும். இவ்வாரம் காலிக் கோட்டையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். புடைவை வியாபாரத்துக்காக நான் பல வருடங்களாகப் போய்வரும் ஊர் அது.

பார்க்க என்ன இருக்கிறது?

போர்த்துக்கீசர் தொடங்கிய கோட்டையை 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெரிதாகக் கட்டினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமானது. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பஸ் நிலையத்திலிருந்தும் புகையிரத நிலையத்திலிருந்தும் நடந்தே போய்விடலாம். மதிலின் மேல் சுற்றிவந்தால் மணிக்கூட்டுக் கோபுரம், கிரிக்கெட் மைதானம், கொடிப்பாறை, 1939இல் கட்டிய வெளிச்சவீடு, அதனருகே வெள்ளை நிற மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் எல்லாவற்றையும் காணலாம். உள்ளே 1755இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் உண்டு. பெட்லர் வீதியோ ஒல்லாந்தர் காலத்தில் சோனக வியாபாரிகள் வீதி என்றே அழைக்கப்பட்டது. நமது முன்னோர் கடை வைத்த இடம் அது.

முதல் பாடம்: நேரம்

2011இல் கொழும்பிலிருந்து காலிக்கு அதிவேகப் பாதை திறந்தது. நல்ல பாதை வாடிக்கையாளரைச் சீக்கிரம் கொண்டுவரும்; சீக்கிரம் திருப்பிக்கொண்டும் போகும். காலையில் வந்தவர் மாலையில் கொழும்பு திரும்பிவிடலாம். அவர் தங்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் நமக்கு வருமானம். நண்பகல் வெயிலில் மதிலில் நடக்க முடியாது. அப்போது அவர் நிழலைத் தேடுகிறார். ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி, குடிக்கத் தண்ணீர் வைத்த கடைக்குள் நுழைவார். சூரியன் மறையும் வேளையில் கூட்டம் மதிலில் நிற்கும். இறங்கி வரும்போது கடை திறந்திருக்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: கொமிஷன்

ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு, ஆளைக் கூட்டிவந்தவருக்கு முந்நூறு ரூபாய் கொமிஷன் கொடுத்தால் விலை 1,300 ஆகிறது. வாங்கியவர் அடுத்த கடையில் அதே சாமானை ஆயிரத்துக்குக் காண்கிறார். அவர் நம்மை மட்டுமல்ல, அந்த வீதியையே நம்பமாட்டார். விலையை எழுதி ஒட்டுங்கள். மாணிக்கக்கல் விற்பவர், தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்துப் பார்க்கும்படி தாமாகவே சொல்லட்டும். அப்படிச் சொல்பவரிடம்தான் பயமின்றி வாங்குவார்கள்.

மூன்றாம் பாடம்: மொழி

சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கல்வெட்டொன்று 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டுக்குரிய அக்கல், சீனம், தமிழ், பாரசீகம் என்ற மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அறுநூறு வருடங்களுக்கு முன்பே இக்கரைக்கு வந்தவர்கள் பிறருடைய மொழியில் பேச வேண்டுமென்று அறிந்திருந்தார்கள். நமது பிள்ளைகளுக்கு ஆங்கிலத்துடன் இன்னொரு நாட்டு மொழியில் ஐம்பது வார்த்தைகளாவது கற்றுக்கொடுப்போம்.

நான்காம் பாடம்: பருவம்

காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் கடல் அமைதியாக இருப்பது டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்ப்பதும் அக்காலத்தில்தான். மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவக்காற்று வீச, அறுகம்பே, பாசிக்குடா பக்கம் கூட்டம் திரும்புகிறது. கிழக்கில் உறவினரோ நண்பரோ கடை வைத்திருந்தால் சரக்கைப் பங்குபோட்டு விற்கலாம். ஒரு பக்கம் முடங்கும் முதல் மறுபக்கம் ஓடும்.

கோட்டைக்குள் நம்மவர் வீடுகள் பல கைமாறிவிட்டன. அவ்வீடுகள் சில இன்று ஹோட்டலாகவும் கடையாகவும் நன்றாகச் சம்பாதிக்கின்றன. எஞ்சியிருக்கும் வீட்டை விற்குமுன், முன்னறையை ஒரு வருடம் கடையாக நடத்திக் கணக்குப் பாருங்கள். அதன்பின் முடிவெடுங்கள்.