பலகை வேறு, கிடங்கு ஒன்று

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. சுருள் வெள்ளை ஈக்கு என்ன செய்வது என்று போனில் தேடினால், மேலே வருவதெல்லாம் மருந்து விற்பவர்களின் விளம்பரம். கல்லூரியில் படிக்கும் மகள் டக்டக்கோ, ஈகோசியா, பிரேவ் என்று சில பெயர்களைச் சொல்கிறாள். இவற்றுக்கு மாறினால் உண்மையிலேயே வேறு பதில் கிடைக்குமா?

— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: மகள் சொன்ன மூன்றும் ஒரே வகை அல்ல. ஒரு தேடுபொறிக்கு இரண்டு வேலைகள். இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைப்பது முதல் வேலை. நீங்கள் கேட்டதும் அந்த அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுவது இரண்டாவது. முதல் வேலைக்கு ஆகும் செலவு மலைக்க வைப்பது. அதனால் உலக அளவில் அதைச் சொந்தமாகச் செய்பவர்கள் மிகச் சிலர்தான்: கூகுள், மைக்ரோசாஃப்டின் பிங், ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு, இன்னும் சில சிறியவை.

மற்றவர்கள் பெரும்பாலும் பலகையை மட்டும் மாட்டியிருக்கிறார்கள். சரக்கு வருவது இந்தக் கிடங்குகளிலிருந்துதான். 2008-ல் தொடங்கிய டக்டக்கோவின் வழக்கமான முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருபவை. விளம்பர வருமானத்தில் மரம் நடும் பெர்லின் நிறுவனமான ஈகோசியாவும் நெடுங்காலம் பிங்கையே நம்பியிருந்தது. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ் முக்கியமாகக் கூகுளிடம் வாங்குகிறது. யாஹூகூட 2009-ல் மைக்ரோசாஃப்டுடன் ஒப்பந்தம் போட்ட பிறகு சொந்த அட்டவணையைக் கைவிட்டுவிட்டது. 2024 மே 23 அன்று பிங்கில் கோளாறு ஏற்பட்டபோது டக்டக்கோவும் ஈகோசியாவும் சேர்ந்தே முடங்கின. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பது அன்று ஊருக்கே தெரிந்துபோனது.

ஆகவே வேறு பதில் வேண்டுமென்றால் வேறு அட்டவணை உள்ள இடத்துக்குப் போக வேண்டும். மகள் சொன்னதில் பிரேவ் அப்படிப்பட்டது. 2021-ல் வந்தது, 2023 முதல் பிங்கின் துணையை விட்டுவிட்டுச் சொந்த அட்டவணையிலேயே நிற்கிறது. பிரிட்டனின் மோஜீக் 2004 முதல் தன் கையாலேயே இணையத்தைப் படித்துவருகிறது. சிறியது, தேடல் சற்று முரடாகவே இருக்கும். ஆனாலும் பெரிய நிறுவனங்களின் வரிசையில் அடியில் கிடக்கும் சின்னத் தளங்களை அது மேலே கொண்டுவருவதைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஈகோசியாவும் பிரான்சின் குவாண்டும் சேர்ந்து ஐரோப்பாவுக்கென ஓர் அட்டவணை கட்டப்போவதாக 2024 நவம்பரில் அறிவித்து, வேலையில் இறங்கியிருக்கின்றன.

இனி உங்கள் வெள்ளை ஈ. மஞ்சள் ஒட்டும்பொறி கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், என்கார்சியா என்னும் ஒட்டுண்ணிக் குளவியைப் பெருகவிடுங்கள், ரசாயன மருந்து அடித்தால் அந்தக் குளவியும் செத்துப்போகும் என்பதுதான் வேளாண் அறிஞர்கள் சொல்லும் வழி. இந்த யோசனையைக் காசு கொடுத்து மேலே ஏற்ற யாரும் இல்லை. மருந்தை ஏற்ற ஆள் இருக்கிறது. விளம்பரத்தில் ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாய்ந்துவிடும் என்று 1998-ல் எழுதியவர்கள் வேறு யாருமல்ல, கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும்தான். ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களாக இருந்தபோது தங்கள் ஆய்வுக் கட்டுரையில் அதைச் சொன்னார்கள். டக்டக்கோவும் பிரேவும்கூட விளம்பரம் போடுகின்றன. எனவே எங்கே தேடினாலும் கேள்வியோடு ‘தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்’ என்று சேர்த்துத் தட்டுங்கள். கோவையிலிருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளம் தமிழிலேயே படிக்கக் கிடைக்கிறது.

கேள்வி: மாற்றுத் தேடுபொறிகளில் தமிழில் தேடினால் பாதிக்குப் பாதி ஒன்றும் வருவதில்லை. ஏன்?

— ஒரு தமிழாசிரியை, தஞ்சாவூர்

பதில்: உங்கள் அனுபவம் சரியானதுதான். சின்ன அட்டவணைக்காரர்கள் முதலில் ஆங்கிலத்தைச் சேர்க்கிறார்கள். தமிழ்ப் பக்கங்கள் அவர்களிடம் குறைவு. அதற்கு மேல் நம் மொழியின் அமைப்பு இருக்கிறது. ‘குளம்’ என்று தேடுபவருக்குக் குளத்தில், குளங்களை, குளத்துக்கரை எல்லாம் வேண்டும். வேர்ச்சொல்லை அடையாளம் காணத் தெரியாத பொறிக்கு இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள். இந்தப் பயிற்சியில் கூகுளை மற்றவை இன்னும் எட்டவில்லை என்பதே என் கணிப்பு. தமிழுக்குக் கூகுளை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கூகுளாலும் எட்ட முடியாத பகுதி ஒன்று உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, பாமினி போன்ற எழுத்துருக்களில் ஏற்றிய பக்கங்களில் நாம் இன்று தட்டும் தமிழ் அகப்படாது. படமாக வருடி வைத்த பழைய நூல்களின் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் அகப்படாது. இவற்றுக்கு நேரடியாகக் களஞ்சியத்துக்கே போவதுதான் வழி: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் தளம். பாடத்துக்குத் தேடும்போது அவற்றின் உள்தேடலில் நூல் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகத்தின் பெயர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஒரே ஆசிரியர் பெயரை ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். முதலெழுத்தை விட்டும் தேடுங்கள்.

கேள்வி: டக்டக்கோவில் தேடினால் நான் தேடியது யாருக்கும் தெரியாதா?

— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இன்னார் இதைத் தேடினார் என்று வரலாறு சேர்த்து வைப்பதில்லை என்பது டக்டக்கோவின் உறுதிமொழி. அந்த நேரத்தில் தட்டிய சொல்லுக்கு ஏற்ற விளம்பரம் மட்டும் வரும். ஆனால் முடிவில் ஒன்றைச் சொடுக்கி உள்ளே போனதும் அந்தத் தளம் உங்களைப் பார்க்கிறது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் தெரியும். நோய், கடன், குடும்பப் பிரச்சினை பற்றிய தேடல்களுக்கு டக்டக்கோ நிச்சயம் நல்லது. முழு மறைவு என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.

கேள்வி: தேடுவதற்குக் காசு கொடுக்கிறார்களாமே?

— ஒரு வாசகர், சென்னை

பதில்: கொடுக்கிறார்கள். காகி என்ற தேடுபொறியில் விளம்பரமே கிடையாது. மாதம் 10 டாலர் கட்டினால் கணக்கில்லாமல் தேடலாம். பிடிக்காத தளத்தை உங்கள் முடிவுகளிலிருந்து அடியோடு நீக்கவும் முடியும். எழுத்து, ஆராய்ச்சி, நிரல் என்று நாள் முழுக்கத் தேடிப் பிழைப்பவருக்கு அது தகும் என்பேன். மற்றவர்களுக்கு நம் ஊர்க் கணக்கில் அது பெரிய தொகை.

இதில் நம்மவர் ஒருவரின் கதையும் இருக்கிறது. சென்னை ஐஐடியில் படித்த ஸ்ரீதர் ராமசாமி கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். அங்கிருந்து வெளியே வந்து, விவேக் ரகுநாதனோடு சேர்ந்து 2019-ல் நீவா என்ற விளம்பரமில்லாத தேடுபொறியைத் தொடங்கினார். நல்ல பொறி அது, 2023-ல் மூடினார்கள். காசு கொடுக்க வைப்பதைவிட, முதலில் மாறிப் பார்க்க வைப்பதுதான் கடினமாக இருந்தது என்று அப்போது வெளிப்படையாகச் சொன்னார்கள்.

ஏன் அவ்வளவு கடினம் என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் தெரியவந்தது. போனிலும் பிரவுசரிலும் தானே முதலில் இருப்பதற்காகக் கூகுள் 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. தேடலில் அது சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவருகிறது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். இந்தியாவில் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்து, புது போனை அமைக்கும்போதே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்தத் திரை வந்தால் அவசரத்தில் தள்ளிவிடாமல் நின்று படியுங்கள்.

கேள்வி: சோதித்துப் பார்க்க எளிய வழி சொல்லுங்கள்.

— ஒரு மாணவர், மதுரை

பதில்: குரோமின் செட்டிங்ஸில் ‘சர்ச் இன்ஜின்’ என்ற இடத்தில் மாற்றுங்கள். புதிய பெயர் அங்கே இல்லையென்றால் அந்தத் தளத்துக்கு ஒருமுறை போய்த் தேடிவிட்டு வந்து பாருங்கள். தெரியாத விஷயத்தைத் தேடிச் சோதிக்காதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, உங்கள் ஊர்த் திருவிழாவையோ படிக்கும் பாடத்தையோ, தேடுங்கள். எது தவறு, எது விடுபட்டது என்று உடனே தெரிந்துவிடும். அதே கேள்வியை ஆங்கிலத்திலும் கேளுங்கள். டக்டக்கோவிலோ பிரேவிலோ விடை சரியில்லை என்றால் கேள்வியோடு ஆச்சரியக்குறியையும் அதை ஒட்டி ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தையும் தட்டுங்கள். நேராகக் கூகுளுக்குக் கொண்டுபோய் விடும். பழைய வழி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஒரு மாதமாவது தயங்காமல் ஓட்டிப் பார்க்கலாம்.