பிசின் மரங்களைத் தேடிப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கிளுவைக் குடும்பத்தை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டதும் மனசு நிறைந்துவிட்டது. பர்சரேசியே என்று புத்தகத்தில் படித்திருப்பாய். உலகம் முழுக்க ஏறக்குறைய 700 இனங்கள். தென்னிந்தியாவுக்கு வாய்த்தவை மிகக் கொஞ்சம். அதனால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுவிடாதே.

இந்த மரங்கள் ஒரே நாளில் தங்களைக் காட்டிக்கொடுப்பதில்லை. பறங்கிச்சாம்பிராணி மரம் கோடையில் இலையெல்லாம் உதிர்த்து வெறுங்கொம்பாய் நிற்கும்போதுதான் பூக்கும். கிளுவைகளிலோ பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு முறை போய் ஒரு கொம்பை ஒடித்து வந்தால் தாளில் ஒட்ட உனக்குக் குச்சிதான் மிஞ்சும். மரத்தைத் தேர்ந்தெடு, இடத்தைக் குறித்துக்கொள், பூவுக்கு ஒரு முறை, மழைக்குப் பின் இலைக்கு ஒரு முறை, காய்க்கு ஒரு முறை என்று அதே மரத்தடிக்குப் போ. பச்சைக்கிளுவையின் பழம் வெடித்திருக்கும்போது பார்த்தாயானால், உள்ளே கறுத்த கொட்டையைச் சிவந்த சதை கிண்ணம்போல் பிடித்திருக்கும். பறவைகள் அந்தச் சிவப்புக்குத்தான் வருகின்றன. அடிமரத்தில் காகிதம்போல் உரியும் மேல்தோலுக்கு அடியில் பட்டை பச்சையாக இருக்கும். இலையில்லாத மாதங்களில் அந்தப் பச்சையும் மரத்துக்குச் சோறு ஆக்குகிறது. இதையெல்லாம் மரத்தடியிலேயே எழுதிவிடு. உலர்த்தி ஒட்டிய தாளில் பட்டையின் நிறமும் வராது, இலையைக் கசக்கினால் எழும் வாசமும் வராது.

வாசத்தை நம்பலாம், ஆனால் எல்லா மரத்தையும் கீறி முகர்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம். கிளுவைக் குடும்பத்தின் நெருங்கிய உறவு மாமரக் குடும்பம். அதில் சேராங்கொட்டையின் சாறு பட்டால் தோல் புண்ணாகிவிடும். சந்தேகம் வந்தால் பூவின் சூலகத்தை அறுத்து லென்ஸில் பார். அறைக்கு இரண்டு சூல் இருந்தால் நம் குடும்பம், ஒன்று என்றால் மாவின் குடும்பம்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவை வேலியைப் பார்ப்பாய். போத்து ஊன்றியே வளர்த்த வேலிகள் அவை. எந்த மாதம் ஊன்றினால் பிழைக்கும், எதை எப்போது கழிப்பது என்பதை அங்கே மாடு மேய்க்கும் பெரியவர்களிடம் கேள். உட்கார்ந்து, அவசரமில்லாமல் கேள். நாட்டு மருந்துக் கடைப் பெயரை மட்டும் ஆதாரமாக எடுக்காதே. கருங்குங்கிலியம் நம் குடும்பத்து மரம், வெள்ளைக் குங்கிலியம் வேறு குடும்பம். மாதிரி மரத்திலிருந்தே வர வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பிசின் மரத்தின் காவல். மெக்சிகோவில் உள்ள சில பர்சரா இனங்களில் இலையைக் கிழித்தால் பிசின் பீய்ச்சி அடிக்கும்; அந்த இலையைத் தின்னும் ஒரு வண்டின் புழு, முதலில் நரம்புகளைக் கடித்து அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் இலையில் வாய் வைக்கும். காயத்தை மூட மரம் சுரப்பதைத்தான் நாம் காயப்படுத்தி வாங்கி, தூபம் என்றும் மருந்து என்றும் வைத்துக்கொள்கிறோம். அளவோடு கீறினால் மரம் தாங்கும். அளவு மீறும்போது என்ன ஆகிறது என்பதற்கு எரித்திரியாவில் சாம்பிராணி மரங்களில் செய்த ஆய்வைப் படி: கீறாத மரங்களின் விதைகளில் 100-க்கு 80-க்கு மேல் முளைத்தன, ஓயாமல் கீறிய மரங்களின் விதைகளில் 16-க்கும் குறைவு. எத்தியோப்பியா, எரித்திரியா, சூடானில் அதே சாம்பிராணி மரக் காடுகளைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வு, முக்கால்வாசி இடங்களில் இளமரங்களே இல்லை என்றது. 20 ஆண்டுகளில் விளைச்சல் பாதியாகும் என்பது அவர்கள் கணிப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே காடு நன்றாகவே தெரியும். பெரிய மரங்கள் நிற்கின்றன, பூக்கின்றன. அடியில் கன்று இல்லை. தீயும் மேய்ச்சலும் சேர்ந்துகொள்ள, முளைத்தவையும் தலையெடுப்பதில்லை.

அது ஆப்பிரிக்காவின் கதை என்று தள்ளாதே. ராஜஸ்தான், குஜராத்தின் குக்குலு செடி, தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயரைத் தாங்கியது, இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதிகப் பிசினுக்காக ஆழமாகக் கீறிய செடி பெரும்பாலும் பட்டுப்போகிறது. திருமலை, சேஷாசல மலைகளில் உள்ள கொண்ட சாம்பிராணி மரத்துக்கு என்.பி. பாலகிருஷ்ணனும் ஏ.என். ஹென்றியும் 1961-இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். அது இயற்கையாக வளர்வது பெரும்பாலும் அந்த மலைத்தொடரில்தான். அதன் அடிமரத்திலும் வெட்டுக் காயங்கள் இருக்கின்றன.

ஆகவே, பெயர் கண்டுபிடித்ததோடு குறிப்பேட்டை மூடாதே. எந்த மரமானாலும் இரண்டு கட்டங்களைக் கூடுதலாகப் போடு: அடிமரத்தில் எத்தனை கீறல், பழசா புதுசா, சுற்றிலும் எத்தனை கன்று, எவ்வளவு உயரம். கன்றே இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடாமல் சுழியம் என்று எழுது. கோயம்புத்தூர் உலர்தாவரகத்தில் உன் தாளோடு அந்தக் குறிப்பும் போய்ச் சேரட்டும். பல ஆண்டுகள் கழித்து அதே மலைக்கு வருபவருக்கு ஒப்பிட வேறு கணக்கு இருக்காது.

அன்புடன்,
உன் அக்கா