விடுமுறைக்குப் பிறகு எத்தனை நாள்? நாள்காட்டி வழியே ஒரு பாடம்

வகுப்பு: 7
பாடம்: சமூக அறிவியலும் கணக்கும் இணைந்தது
பாடவேளைகள்: 3
தேவையானவை: இந்திய வரைபடம், உலக வரைபடம், பழைய தினசரி நாள்காட்டியின் அட்டை, அளவுகோல், வண்ணப் பென்சில்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் நாம் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, "லீவுக்கு எங்கே போனீங்க?" என்பதுதான். நெய்வேலி நகரியம் போன்ற ஊரில் இந்தக் கேள்வி வகுப்பை இரண்டாகப் பிரித்துவிடும். ஒரு மாணவி குடும்பத்தோடு காஷ்மீர் போய்ப் பனியில் சறுக்கியதைச் சொல்வாள். பக்கத்திலிருக்கும் மாணவி, அம்மா வேலைக்குப் போனதால் விடுமுறை முழுவதும் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்பாள். தன்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை என்று அவள் பேசாமல் இருந்துவிடுவாள்.

அதற்காகப் பனிச்சறுக்குக் கதையைத் தடுக்க வேண்டியதில்லை. அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். ஆனால் பாடம் சென்று சேர வேண்டிய கேள்வி வேறு: "இந்த மாதம் நம் கையில் எத்தனை பள்ளி நாள்கள் இருக்கின்றன?" பயணம் போனவருக்கும் போகாதவருக்கும் இதற்கு விடை ஒன்றே.

கற்றல் விளைவுகள்

1. பருவநிலையும் மக்களின் தேவைகளும் விடுமுறைக் காலத்தை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்று எடுத்துக்காட்டுகளுடன் விளக்குவர்.
2. ஒரு மாதத்தின் பள்ளி நாள்களைப் பிழையின்றிக் கணக்கிடுவர்.
3. ஒரு வேலையின் இறுதி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அதைத் தொடங்க வேண்டிய நாளைக் கண்டறிவர்.

முதல் பாடவேளை: விடுமுறை ஏன் அப்போது வருகிறது?

"நமக்கு நீண்ட விடுமுறை எப்போது?" என்று கேளுங்கள். "மே மாதம்" என்பார்கள். ஏன் என்று கேட்டால் "வெயில்" என்று உடனே பதில் வரும். இப்போது வரைபடத்தில் குல்மார்க்கைக் காட்டுங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே பனி மூடியிருக்கும். பனிச்சறுக்குக்கு ஆள்கள் வருவது அப்போதுதான். 2020 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் அங்கே நடக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்குக் கொண்டாட்டமான அந்தப் பனிக்காலத்தில்தான் காஷ்மீரின் பள்ளிகள் நீண்ட விடுமுறைக்காக மூடப்படுகின்றன. இமாச்சலப் பிரதேசத்தில் ஒரே மாநிலத்துக்குள்ளேயே இருவகைப் பள்ளிகள் உண்டு. தாழ்வான பகுதிகளில் கோடையில் நீண்ட விடுமுறை. உயரமான பகுதிகளில் குளிர்காலத்தில் நீண்ட விடுமுறை.

அடுத்து உலக வரைபடத்துக்கு வருவோம். ஸ்வீடன் நாட்டுப் பள்ளிகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களையொட்டி ஒரு வார விடுமுறை உண்டு. பல குடும்பங்கள் பனிச்சறுக்குக்குப் போகும் வாரம் அது. ஆனால் அந்த விடுமுறை சறுக்கி விளையாடுவதற்காகத் தொடங்கப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அங்கே எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டது. வகுப்பறைகளைச் சூடாக்கும் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக 1940இல் பள்ளிகளை ஒரு வாரம் மூடினார்கள். அப்போது அதற்குக் 'கோக் விடுமுறை' என்றே பெயர். கோக் என்பது நிலக்கரியிலிருந்து தயாரிக்கப்படும் எரிபொருள். வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காக விளையாட்டுகள் ஏற்பாடு செய்யப்பட்டன. போர் முடிந்தும் விடுமுறை நின்றுவிடவில்லை. இன்று அதன் பெயர் 'விளையாட்டு விடுமுறை'.

1956இல் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1962 முதல் பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் எடுத்துவரும் ஊர் நம்முடையது. சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, நிலக்கரி கிடைக்காமல் ஒரு நாட்டில் பள்ளி விடுமுறை பிறந்தது என்ற செய்தி எளிதில் மனத்தில் பதியும். மற்ற ஊர் ஆசிரியர்கள் தங்கள் ஊரின் அறுவடையையோ திருவிழாவையோ இதனோடு இணைத்துக்கொள்ளலாம். பொங்கல் விடுமுறை அறுவடையை ஒட்டி வருவதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

கணக்குக்கு ஒன்று: பிரான்ஸ் நாட்டைப் பள்ளி விடுமுறைக்காக மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். குளிர்கால விடுமுறை ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு வாரம். மூன்றுக்கும் ஒரே நாளில் தொடங்கினால் சாலைகளும் பனிமலை ஊர்களும் தாங்காது. எனவே ஒரு வார இடைவெளியில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் தொடங்குகிறது. அப்படியானால் நாடு முழுவதற்கும் சேர்த்து விடுமுறைக் காலம் எத்தனை வாரம்? பலர் 6 என்பார்கள். கட்டம் போட்டுப் பார்த்தால் 4 என்று தெரியும்.

இரண்டாம் பாடவேளை: பள்ளி நாள்களை எண்ணுதல்

நம் வீடுகளில் பெரும்பாலும் தொங்குவது தாள் கிழிக்கும் தினசரி நாள்காட்டி. ராகு காலம், நல்ல நேரம், விசேஷம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது இன்றைய நாளை மட்டுமே காட்டும். நேற்றைய தாள் கிழிந்து போயிருக்கும். நாளைய தாள் உள்ளே மறைந்திருக்கும். மாதம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் கட்ட நாள்காட்டி திட்டமிடுவதற்கு வேண்டும். ஜனவரியில் பழைய நாள்காட்டி அட்டைகள் வீட்டுக்கு வீடு கிடைக்கும். அதன் பின்பக்கத்தில் 7 பத்தி, 6 வரிசை கொண்ட கட்டத்தைப் பிள்ளைகளே வரையட்டும். காசு கொடுத்து எதுவும் வாங்கவேண்டாம். அச்சிட்ட தாளை நாம் கொடுப்பதும் வேண்டாம். தேதிகளைத் தன் கையால் எழுதும்போதுதான் எந்தத் தேதி எந்தக் கிழமை என்பது நினைவில் நிற்கும்.

2026 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். 5ஆம் தேதி திங்களன்று பள்ளி திறக்கிறது எனக் கொண்டு, "மாத இறுதிவரை எத்தனை பள்ளி நாள்?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்க்கும் முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதிவைக்கட்டும். பிறகு கணக்கிடட்டும்.

5 முதல் 31 வரை மொத்தம் 27 நாள்.
சனி, ஞாயிறு: 10, 11, 17, 18, 24, 25, 31 ஆகிய 7 நாள். மீதி 20.
பொங்கல் 15, திருவள்ளுவர் தினம் 16, குடியரசு நாள் 26 ஆகிய 3 நாள். மீதி 17.

இங்கே ஓர் இடத்தில் பலர் தடுக்கி விழுவார்கள். உழவர் திருநாள் 17ஆம் தேதி சனிக்கிழமை. அதைத் தனியாகவும் கழித்து 16 என்று விடை சொல்வார்கள். ஒரே நாளை இரண்டு முறை கழிக்கக்கூடாது என்பதைக் கட்டத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். உள்ளூர் விடுமுறையோ சனிக்கிழமைப் பள்ளியோ இருந்தால் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். ஊகத்துக்கும் 17க்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகள் பார்த்துவிட்டாலே நாள்காட்டியின் தேவை புரிந்துவிடும்.

மேலும் அறிய விரும்புவோருக்கு: ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வாரங்களுக்கு எண் கொடுப்பார்கள். வாரம் திங்களில் தொடங்கும். ஆண்டின் முதல் வியாழன் வரும் வாரமே முதல் வாரம். ஸ்டாக்ஹோம் பள்ளிகளின் விளையாட்டு விடுமுறை 9ஆம் வாரம். 2026இல் அது எந்தத் தேதியில் தொடங்கும்? (விடை: பிப்ரவரி 23)

அடுத்து, வீட்டு நிலவரத்தைக் கட்டத்தில் ஏற்ற வேண்டும். சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்குவதால், அப்பாவோ அம்மாவோ எந்த வாரம் எந்த ஷிப்ட் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் உறங்கும் வீட்டில் சத்தம் போட்டுப் படிக்க முடியாது. அந்த நாள்களுக்கு ஒரு வண்ணம். வடலூர் தைப்பூசத்துக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ உறவினர் வரும் நாள்களுக்கு இன்னொரு வண்ணம். வீட்டு விவரங்களை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லவேண்டாம். அவை மாணவரின் பயன்பாட்டுக்கு மட்டும்.

மூன்றாம் பாடவேளை: பின்னோக்கி எண்ணுதல்

ஒரு வளரறி மதிப்பீட்டுச் செயல்பாட்டை எடுத்துக்கொள்வோம். "எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது?" தொடர்ந்து 7 நாள் குறித்து, அட்டவணையாக்கி, பட்டை வரைபடம் வரைந்து, முடிவை எழுதி, ஜனவரி 30 அன்று தரவேண்டும். "எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேட்டால், "குடியரசு நாள் லீவில் செய்துவிடுவோம்" என்பார்கள். கரும்பலகையில் கடைசியிலிருந்து எழுதுங்கள்.

30 வெள்ளி: ஒப்படைத்தல்
29 வியாழன்: முடிவை எழுதுதல்
28 புதன்: வரைபடம்
27 செவ்வாய்: அட்டவணை
20 முதல் 26 வரை: தண்ணீர் அளவைக் குறித்தல்
19 திங்கள்: குறிப்பேட்டில் கட்டம் தயாரித்தல்

20ஆம் தேதியைத் தவறவிட்டால், அதன் பிறகு எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் 7 நாள் கிடைக்காது. விடுமுறை நாளில்கூடத் தண்ணீரைக் குறித்தாக வேண்டும் என்பதையும் பிள்ளைகள் கவனிப்பார்கள். "30 வரை நேரம் இருக்கிறது" என்பது "19க்குள் தொடங்க வேண்டும்" என்று மாறும் இந்த இடம்தான் பாடத்தின் மையம்.

தொடர்ந்து நடத்த

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் 5 நிமிடம் ஒதுக்குங்கள். முடித்த வேலைக்கு ஒரு குறி. முடியாத வேலையை அடிக்காமல், அம்புக்குறி போட்டுப் புதிய தேதிக்கு மாற்றட்டும். ஏன் தள்ளிப்போனது என்று ஒரு சொல்லில் எழுதினால் போதும். அம்புக்குறிக்காக யாரையும் கண்டிக்கவேண்டாம். கண்டித்தால், அடுத்த வாரம் செய்யாத வேலைக்கும் குறி விழும். ஒரே மாணவருக்கு மூன்று வாரம் தொடர்ந்து அம்புக்குறி வந்தால், அவருடைய வீட்டுச் சூழலைத் தனியே கேட்டறிவது நம் வேலை.

நம்முடைய நாள்காட்டியையும் வகுப்புச் சுவரில் மாட்டலாம். பயிற்சி நாள்கள், எமிஸ் பதிவுகள், பாடம் முடிக்கும் நாள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஆசிரியரும் அம்புக்குறி போடுகிறார் என்று பிள்ளைகள் பார்ப்பது நல்லதுதான்.

மதிப்பீடு

1. காஷ்மீரிலும் தமிழ்நாட்டிலும் நீண்ட விடுமுறை வேறு வேறு மாதங்களில் வருவது ஏன்?
2. 2026 பிப்ரவரியில் சனி, ஞாயிறு நீங்கலாக எத்தனை நாள்? தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி வருவதால் இந்த எண்ணிக்கை மாறுமா?
3. பிப்ரவரி 20 அன்று தரவேண்டிய செயல்பாட்டுக்கு 5 நாள் தகவல் திரட்ட வேண்டும், 2 நாள் எழுத வேண்டும். ஒப்படைக்கும் நாளைச் சேர்க்காமல் எண்ணினால், தொடங்க வேண்டிய கடைசித் தேதி எது? சனி, ஞாயிறு சேர்த்தும் சேர்க்காமலும் கணக்கிடுக.

மூன்றாம் வினாவுக்கு இரண்டு விடைகள் வரும்: 13, 11. எந்த விடையின்படி தொடங்குவது என்பதை, தன் அட்டையிலுள்ள வண்ணங்களைப் பார்த்து ஒவ்வொரு மாணவரும் முடிவு செய்யட்டும்.